டெல்லிக்குக் குளிர் இரண்டு தவணையில் வந்தது: 2022 அக்டோபர் மழை, ஒரு நிகழ்வு ஆய்வு

2022 அக்டோபர் 8, 9. புரட்டாசிச் சனிக்கிழமையும் அதை அடுத்த ஞாயிறும். டெல்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் அந்த வார இறுதியில் பதிவான அதிகபட்ச வெப்பநிலை 23.4 டிகிரி செல்சியஸ், குறைந்தபட்சம் 20.8. பகலின் உச்சத்துக்கும் இரவின் அடிமட்டத்துக்கும் நடுவே வெறும் 2.6 டிகிரி. 1969க்குப் பிறகு அக்டோபரில் இவ்வளவு குறுகிய இடைவெளி அங்கே பதிவானதில்லை. ஞாயிறு காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் பெய்த மழை 74.3 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவமழை டெல்லியிலிருந்து செப்டம்பர் 29ஆம் தேதியே விலகிவிட்டதாக அறிவிக்கப்பட்ட பிறகு கொட்டிய மழை அது.

"குளிர்காலம் வந்துவிட்டது" என்று தொலைக்காட்சிகள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டன. ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் கொலுப்பெட்டிகளைப் பரணில் ஏற்றிய கையோடு பலர் ஸ்வெட்டர் மூட்டையை இறக்கினார்கள். அந்துருண்டை வாசனை மாடிப்படி வரை வந்தது. ஆனால் மேலே உள்ள இரண்டு எண்களையும் கொஞ்சம் நின்று பார்த்தால் கதை வேறு. 23.4 என்பது அந்தச் சமயத்து வழக்கத்தைவிடப் பத்து டிகிரி குறைவு. 20.8 என்பதோ வழக்கத்தை ஒட்டியதே. பகல் மட்டும் குப்புற விழுந்தது. இரவு இருந்த இடத்திலேயே இருந்தது. இரவு இறங்காத குளிரைக் குளிர்காலம் என்று எப்படிச் சொல்வது?

டெல்லியின் அக்டோபர் வானிலையில் எனக்குப் பிடிபட்ட முக்கியமான விஷயம் இதுதான்: ஒரே வானிலை அமைப்பு இரண்டு விதமான குளிரைக் கொண்டு வருகிறது. முதலில் வருவது மேகத்தின் குளிர். அது பகலைத் தாக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து வருவது காற்றின் குளிர். அது இரவைத் தாக்கும். முன்னறிவிப்பில் இரண்டும் தனித்தனி வரிகளில்தான் இருக்கின்றன. படிப்பவர்கள்தான் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எங்கிருந்து வருகிறது

ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ இலையுதிர்காலத் தொடக்கத்தில் குளிர் வளிமுகம் வந்தால் அதற்கு ஒரு தெளிவான விளிம்பு உண்டு. கனமான குளிர்ந்த காற்று, இலேசான வெப்பக் காற்றின் அடியில் ஆப்பு போல நுழைந்து அதை மேலே தள்ளும். அந்த விளிம்பு ஊரைக் கடக்கும் சில மணி நேரத்துக்குள் மழையும் வரும், காற்றும் திசை மாறும், வெப்பமும் சரியும். எல்லாம் ஒரே மூச்சில் நடக்கும்.

டெல்லிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வடக்கே இமயமலை நிற்கிறது. மத்திய ஆசியாவின் கனத்த குளிர்காற்று நேராக இறங்கிவர வழியில்லை. மேற்கிலிருந்து, மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பக்கம் உருவாகி, மேலடுக்கில் வீசும் மேலைக் காற்றோட்டத்தில் ஏறிக்கொண்டு ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வருகிற தாழ்வழுத்த அலைகள்தான் வட இந்தியாவுக்குக் குளிரைக் கொண்டு வருகின்றன. வானிலைத் துறை இவற்றை மேற்கத்திய இடையூறு என்கிறது. ஆகாசவாணி இந்திச் செய்தியில் 'பஷ்சிமி விக்ஷோப்' என்று காதில் விழும். டிசம்பர், ஜனவரியில்தான் இவற்றின் முழு ஆட்டம். அக்டோபரில் வருபவை பொதுவாக வடக்கே மலைகளில் கொஞ்சம் பனியைத் தூவிவிட்டுப் போய்விடும். டெல்லிக்கு ஒரு நாள் மேகமூட்டம், அவ்வளவுதான்.

2022இல் அது அவ்வளவோடு நிற்காததற்குக் காரணம் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த ஈரம். பருவமழை டெல்லியை விட்டு விலகினாலும் நாட்டை விட்டு விலகியிருக்கவில்லை. ஆந்திரக் கரையை ஒட்டி ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி இருந்தது. அங்கிருந்து வடக்கே உத்தரப் பிரதேசம் வரை ஒரு தாழ்வழுத்தப் பள்ளம், அதாவது அழுத்தம் குறைந்த ஒரு நீண்ட பட்டை, நீண்டிருந்தது. அந்த வழியாக ஈரக்காற்று ஏறிவந்தது. மேலே மேற்கத்திய அலை, கீழே கிழக்கத்திய ஈரம். இரண்டும் டெல்லிக்கு மேலே சந்தித்தபோது தூறலாக முடிந்திருக்க வேண்டியது அடைமழையானது.

பருவமழை விலகிவிட்டது என்று அறிவித்த பிறகு எப்படி மழை பெய்யும் என்று அப்போது பலர் கேலி செய்தார்கள். விலகல் அறிவிப்புக்கு வானிலைத் துறை பார்ப்பது மூன்று: தொடர்ந்து ஐந்து நாள் மழையில்லாமல் இருக்க வேண்டும்; கீழடுக்கில் எதிர்ச்சுழற்சி, அதாவது காற்று கீழிறங்கி வெளியே பரவும் சுழற்சி, அமைய வேண்டும்; காற்றில் ஈரம் கணிசமாகக் குறைய வேண்டும். இனி மழையே வராது என்ற உத்தரவாதம் அதில் எங்கும் இல்லை. டெல்லிக்கு வழக்கமான விலகல் தேதி செப்டம்பர் 25. நான்கு நாள் தாமதமாக அறிவித்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மேகம் போட்ட கணக்கு

அக்டோபரில் டெல்லியின் சராசரி அதிகபட்சம் சுமார் 33 டிகிரி, குறைந்தபட்சம் சுமார் 19. அதாவது பகலுக்கும் இரவுக்கும் வழக்கமான இடைவெளியே 14 டிகிரி அளவு. சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இது முதலில் விளங்காது. கடல் பக்கத்தில் இருக்கும் ஊரில் இரவும் பகலும் ஒன்றையொன்று அதிகம் விட்டுப் போவதில்லை. ஐப்பசி அடைமழை நாளில் சென்னையில் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். டெல்லி உள்நாட்டு ஊர். வறண்ட காற்று. பகலில் மண் சட்டென்று சூடாகும்; சூரியன் போனதும் அதே வேகத்தில் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும்.

மேகம் இந்த இரண்டு வேலையையும் தடுக்கிறது. பகலில் வெயிலை மறைக்கிறது. விழுகிற மழை ஆவியாகும்போது இன்னும் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் அதிகபட்சம் சரிகிறது. இரவில் அதே மேகமும் காற்றிலுள்ள ஈரமும் தரையிலிருந்து போகும் வெப்பக் கதிரை வாங்கி மறுபடி கீழே அனுப்புகின்றன. அதனால் குறைந்தபட்சம் இறங்க மறுக்கிறது. 14 டிகிரி இடைவெளி 2.6 ஆகச் சுருங்கியதன் முழுக் காரணமும் இதுதான். இரண்டு நாள் மட்டும் டெல்லி கடற்கரை ஊர் மாதிரி நடந்துகொண்டது.

மேகம் கலைந்ததும் கணக்கு தலைகீழாகிறது. வெயில் திரும்பி வருகிறது. பகல் மறுபடி முப்பதைத் தாண்டுகிறது. "குளிர் போய்விட்டது" என்று ஸ்வெட்டர் மறுபடி மூட்டைக்குப் போகிறது. ஆனால் அலை கிழக்கே நகர்ந்த பிறகு காற்று வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கியிருக்கும். அது வறண்ட காற்று, புதிதாகப் பனி விழுந்த மலைப்பக்கத்தைத் தொட்டு வருவது. தெளிந்த வானம், காய்ந்த காற்று, நீளும் இரவு மூன்றும் சேர்ந்தால் குறைந்தபட்சம் நாளுக்கு நாள் இறங்கும். 2022இலும் மாதத்தின் நடுவில் பகல் முப்பதுக்கு மேல் இருந்தபோதே இரவு இருபதுக்குக் கீழே போனது. அதைப் பற்றி எந்தத் தொலைக்காட்சியும் பேசவில்லை. வெள்ளம் இல்லை, குடை இல்லை, காட்ட ஒரு படமும் இல்லை.

முனிர்க்காவில் ஒரு மாவுக்கடை

இதைப் பட்டறிவாக அறிந்தவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள், அவர்கள் வானிலைக்காரர்கள் அல்ல. முனிர்க்காவின் ஒரு சந்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் தென்காசிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். மாலையில் கிரைண்டர் ஓடும். இரவு முழுக்க மாவு எவர்சில்வர் அண்டாக்களில் இருக்கும். விடியற்காலை பொட்டலம் கட்டி ஏழு மணிக்குள் தெருத்தெருவாகப் போய்விடும். அவருக்கு வேண்டியது இரவு வெப்பநிலை ஒன்றுதான். பகலில் என்ன நடந்தாலும் அவருடைய அண்டாவுக்குக் கவலை இல்லை.

அந்த மழை முடிந்த வாரத்தில் கடையில் நின்றபோது கேட்டேன், "மழையில் மாவு பொங்கியதா அண்ணாச்சி?"

"மழை நாளில் ஒரு குறையும் இல்லை தம்பி. கதவைச் சாத்திவிட்டோம், மாவு வழிந்து தரையெல்லாம் ஆனது. வெயில் வந்த பிறகுதான் படுத்துவிட்டது."

சஃப்தர்ஜங் பதிவோடு வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. மழை இரவுகளில் வெளியே இருபது டிகிரிக்கு மேல். ஈரம் நிறைந்த காற்று. அடைத்த அறைக்குள் இன்னும் இரண்டு மூன்று டிகிரி கூடுதல். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு அது போதும். வானம் தெளிந்த பிறகு, பகலில் எல்லோரும் அரைக்கைச் சட்டையோடு திரியும்போது, இரவில் அவருடைய கடை குளிர்ந்தது. அதற்கு அவரிடம் மருந்தும் இருக்கிறது: ஒரு மணி நேரம் முன்னதாக அரைப்பார், உளுந்தை அரைக்க ஐஸ் தண்ணீரை விட்டுவிட்டுச் சாதாரணத் தண்ணீருக்கு மாறுவார், உப்பை அரைக்கும்போதே போடாமல் மாவு எழும்பிய பிறகு கலப்பார், அண்டாவைச் சுற்றிப் பழைய ரஜாய், அதாவது பஞ்சுப் போர்வை. டிசம்பரில் இதோடு ஒரு நூறு வாட் பல்பும் சேரும்.

அவருக்கு வானிலை அறிக்கையில் தேவைப்படுவது ஒரே ஒரு பத்தி: குறைந்தபட்ச வெப்பநிலையும், அது வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகும் என்பதும். மழை உண்டா இல்லையா என்பதை அவர் தம் சந்தின் சாக்கடையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது

டெல்லியின் வானிலை அறிக்கையை லோதி சாலையிலுள்ள வானிலைத் துறை தினமும் வெளியிடுகிறது. ஏழு நாளுக்கான பட்டியலில் ஒவ்வொரு நாளுக்கும் அதிகபட்சம், குறைந்தபட்சம், வானத்தின் நிலை, மழை வாய்ப்பு இருக்கும். மழையளவு காலை 8.30இலிருந்து மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடப்படுகிறது. இதை மறந்துவிட்டு "ஞாயிறன்று 74 மில்லிமீட்டர்" என்று எழுதுபவர்கள் சனிக்கிழமை பெய்த மழையை ஞாயிறின் தலையில் கட்டுகிறார்கள். அளவுச் சொற்களுக்கும் எல்லை உண்டு. 15.6 முதல் 64.4 மில்லிமீட்டர் வரை மிதமான மழை, 64.5 முதல் 115.5 வரை கனமழை. 74.3 கனமழைக் கணக்கில் வருகிறது. "ஓரிரு இடங்களில்" என்பது அந்தப் பகுதியிலுள்ள நிலையங்களில் கால்வாசி வரைக்கும்தான். அது நம் தெருவைச் சொல்வதாக எடுத்துக்கொண்டு பிறகு வானிலைத் துறையைத் திட்டுவது நம் வழக்கம்.

இந்த வகை நிகழ்வில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதிலும் தரம் பிரிக்க வேண்டும். மேற்கத்திய அலை வருகிறது என்பதைக் கணினி மாதிரிகள் ஐந்தாறு நாள் முன்பே காட்டிவிடும். அலை பெரியது, மேலடுக்கில் ஓடுவது. ஆகவே அது தப்புவது குறைவு. அது கிழக்கிலிருந்து வரும் ஈரத்தோடு எந்த இடத்தில் கைகோக்கும் என்பதுதான் கடைசி ஒன்றிரண்டு நாள் வரை ஆட்டம் காட்டும். கூடுமிடம் நூறு கிலோமீட்டர் தள்ளிப்போனால் டெல்லிக்குத் தூறல், பக்கத்து ஊருக்கு வெள்ளம். அதிகபட்ச வெப்பநிலையும் அப்படியே. மேகம் காலையில் வருமா மதியம் வருமா என்ற ஒரு கேள்வியில் ஐந்தாறு டிகிரி தொங்குகிறது. இவற்றோடு ஒப்பிட்டால், மழை போன பிறகு வடமேற்குக் காற்று வரும், இரவு குளிரும் என்ற பகுதி மிகவும் நம்பகமானது. மழையைவிட நிச்சயமான அந்தத் தகவலைத்தான் யாரும் படிப்பதில்லை என்பது என் வருத்தம்.

இன்னொன்று. ஸ்வெட்டர் போட்டவுடன் "குளிர் அலை" என்று எழுதுவதை நிறுத்தினால் நல்லது. சமவெளியில் குறைந்தபட்சம் 10 டிகிரியோ அதற்குக் கீழோ போய், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது குறைந்தால், அல்லது 4 டிகிரிக்கே இறங்கினால்தான் அந்தப் பெயர். அக்டோபரில் அதற்கு வேலையே இல்லை.

முந்தைய ஆண்டு நடந்தது

2022இல் நடந்தது அதிசயமல்ல என்பதற்கு ஓராண்டு முன்பே சான்று இருக்கிறது. 2021இல் பருவமழை மேற்கு ராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்கியதே அக்டோபர் 6ஆம் தேதிதான்; டெல்லியிலிருந்து 8ஆம் தேதி விலகியது. அடுத்த வாரமே வங்கக் கடலிலிருந்து ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி ஆந்திரக் கரை வழியாக உள்ளே வந்து, தெலங்கானாவைத் தாண்டி மத்தியப் பிரதேசம் பக்கம் நகர்ந்தது. ஆப்கானிஸ்தான் பக்கத்திலிருந்து மேற்கத்திய இடையூறும் வந்தது. அதே இரட்டைப் பிடி, ஆனால் இந்த முறை கீழே இருந்தது வெறும் சுழற்சி அல்ல, வலுவான தாழ்வுப் பகுதி. அக்டோபர் 18 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் சஃப்தர்ஜங்கில் 87.9 மில்லிமீட்டர். அக்டோபர் மாதம் முழுவதற்குமான வழக்கமான மழையைப் போல மும்மடங்குக்குக் குறையாது. டெல்லியின் புல் பிரஹலாத்பூர் சுரங்கப்பாதை தண்ணீர் தேங்கி மூடப்பட்டது, வழக்கம்போல.

டெல்லிக்குச் சாலை நனைந்ததோடு போயிற்று. அடிவாங்கியது உத்தராகண்ட். ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலேறியபோது முக்தேஸ்வரில் ஒரே நாளில் 340.8 மில்லிமீட்டர், பந்த் நகரில் 403.2 மில்லிமீட்டர். 1897இலிருந்து பதிவு வைத்திருக்கும் முக்தேஸ்வரில் அதற்கு முன் ஒருநாளும் அவ்வளவு பெய்ததில்லை. எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தனைக்கும் முன்னறிவிப்பு தவறவில்லை. சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. சார்தாம் யாத்திரை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. யாத்திரை நிற்காமல் இருந்திருந்தால் கணக்கு எங்கே போயிருக்கும் என்று நினைக்கவே மனம் ஒப்பவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இந்தக் கூத்தெல்லாம் முடிந்து, தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதிலிருந்தும் விலகிய 2021 அக்டோபர் 25ஆம் தேதிதான் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கியது. டெல்லியில் இரவு குளிரத் தொடங்குவதும் ஊரில் அம்மா தொலைபேசியில் "இங்கே மழை பிடித்துக்கொண்டது" என்று சொல்வதும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் வருவது தற்செயல் அல்ல. வட இந்தியாவில் வறண்ட வடமேற்குக் காற்று ஊன்றி, தாழ்வழுத்தப் பள்ளம் தெற்கே இறங்கிய பிறகுதான் நம் கரைக்குக் கீழைக்காற்று முறையாக வருகிறது.

மழைக்குப் பின் வந்த விளைவு

இரண்டு ஆண்டும் மழை காற்றைக் கழுவித் துடைத்தது. 2021 அக்டோபர் 18 அன்று டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 46. 2022 அக்டோபர் 10 அன்று 44. ஐம்பதுக்குக் கீழே இருந்தால்தான் 'நல்லது' என்ற வகை. டெல்லியில் அது ஆண்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்களுக்கே வாய்க்கும். மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்கள் அடிவானம் வரை பார்த்தார்கள்.

ஆனால் மழையைக் கொண்டுவந்த அதே அமைப்பு, போகும்போது விட்டுச்சென்ற வடமேற்குக் காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது பஞ்சாப், ஹரியானா வயல்களின் மேல் வீசி டெல்லிக்கு வருகிறது. அக்டோபரில் அங்கே நெல் அறுவடை. அறுத்த பிறகு தாளுக்குத் தீ. இரவு குளிரக் குளிரத் தரையை ஒட்டிய காற்று மேலே ஏறாமல் படிந்துகொள்கிறது. வந்த புகை வந்த இடத்திலேயே தங்குகிறது. இரண்டாம் தவணைக் குளிரை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இட்லி மாவைவிடப் பெரிய காரணம் இதுதான். மூச்சிரைப்பு உள்ளவர்களும் வீட்டில் முதியவர்கள் இருப்பவர்களும் கவனிக்க வேண்டியது குறைந்தபட்ச வெப்பநிலையும் காற்றின் திசையும்தான். மழை அன்று அவர்களுக்கு உண்மையில் நல்ல நாள்.

2022இல் இந்தக் கணக்கில் ஒரு திருப்பம் நேர்ந்தது. அக்டோபர் மழை வயலை நனைத்ததால் அறுவடை தள்ளிப்போனது, தீயும் தள்ளிப்போனது. தீபாவளி அவ்வாண்டு அக்டோபர் 24, சீக்கிரமே வந்துவிட்டது. இரவு இன்னும் முழுதாகக் குளிரவில்லை, காற்றும் ஓரளவு வீசியது. பட்டாசு வெடித்தும் அன்றைய குறியீடு 312; முந்தைய ஆண்டு தீபாவளியன்று, நவம்பர் 4இல், 382. ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அடுத்த பத்து நாளில் தள்ளிப்போட்ட தீயும் தள்ளிவந்த குளிரும் ஒன்றாகச் சேர்ந்தன. நவம்பர் 3 அன்று குறியீடு 450, மறுநாள் 447. 5ஆம் தேதியிலிருந்து டெல்லியில் தொடக்கப் பள்ளிகள் மூடப்பட்டன.